மஞ்சள் வயர்

அந்த வீட்டுக்கு அவன் அதற்கு முன்னால் போனதே இல்லை. ஹீட்டர் மெக்கானிக்குக்கு ஆள் முகம் மறந்து போகும், பெயர் மறந்து போகும், குளியலறை மட்டும் மறக்காது. ஜன்னல் எந்தப் பக்கம், ஸ்டூல் போட இடம் உண்டா, எந்த ஓடு வழுக்கும் என்பதெல்லாம் காலுக்கே தெரிந்திருக்கும். இந்த வீட்டில் அவன் காலுக்கு எதுவும் தெரியவில்லை.

ஊரில் அவனை எல்லாரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்கும்போதுகூடச் சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரோடுதான் தூங்குவான் என்று ஒரு கேலி உண்டு. அதில் பாதி உண்மை.

"வறுக்கிற மாதிரி சத்தம் வருதுங்க. போட்ட அஞ்சாவது நிமிஷம் ஆரம்பிக்குது" என்றார் வீட்டுக்காரர். ரிட்டயரான கிளார்க். குளியலறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், வேலை செய்கிறவன் எதையாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்பது போல.

"காயில்ல உப்பு பிடிச்சிருக்கும் சார். சுரண்டி எடுத்தா சரியாயிடும்."

அடிமூடியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினான். ஈரத்தில் ஊறிய இரும்பு வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே வருஷக்கணக்கான தூசி, அதற்குக் குறுக்கே ஒரு சிலந்தி வலை, வலையில் காய்ந்துபோன இரண்டு கொசுக்கள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையை உள்ளே நீட்டிப் பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டான். வலைக்குப் பின்னால், கட்-அவுட்டின் இரண்டு கால்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு மஞ்சள் வயர் இருந்தது.

கட்-அவுட் என்பது சட்டைப் பொத்தான் அளவு சாமான். தண்ணீர் சூடானதும் கரண்ட்டை நிறுத்த வேண்டியது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது கெட்டுப்போய் நிறுத்தாமல் விட்டால், கொதி வருவதற்கு முன் இந்தப் பொத்தான் பிடித்து நிறுத்தும். இதுவே கெட்டுப்போனால் ஹீட்டர் ஓடாது, புதிது மாற்ற வேண்டும். பையில் புதிது இல்லாத மெக்கானிக் என்ன செய்வான்? அதன் இரண்டு கால்களையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு, "டைரக்ட் கொடுத்திருக்கேன், நாளைக்கு வந்து மாத்திடறேன்" என்று கிளம்பிவிடுவான். ஹீட்டர் ஓடும். ஆனால் அதற்கப்புறம் தண்ணீர் கொதித்தாலும் தொட்டி வெடித்தாலும் கேட்க நாதியில்லை.

டெஸ்டரும் செய்திருக்கிறான். செய்யாத மெக்கானிக் யார்? ஆனால் இந்த வயரைக் கட்டியது எந்த மெக்கானிக் என்று அவனால் சத்தியம் செய்ய முடியும். மற்றவர்கள் எல்லாம் வயரை வலப்பக்கமாக முறுக்குவார்கள். அவன் இடதுகைக்காரன், அவன் முறுக்கு எதிர்ப்பக்கம் போகும். மூன்று சுற்று, நுனியை உள்ளே மடித்து ஒரு அமுக்கு. இந்த வயரும் எதிர்ப்பக்கம்தான் போயிருந்தது. மூன்று சுற்று. நுனி உள்ளே மடிந்திருந்தது.

"இதை இதுக்கு முன்னாடி யார் சார் பார்த்தது?"

"யாரும் பார்க்கலை. வாங்கி எட்டு வருஷமாச்சு, இன்னிக்குத்தான் முதல் தடவையா கழட்டறோம். ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

வலையைக் கையால் ஒதுக்கி வயரை அவிழ்த்தான். உப்பைச் சுரண்டினான், புது கட்-அவுட் போட்டான். வீட்டுக்காரர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், அவன் காதில் விழவில்லை. வெளியே வந்து வண்டியை உதைக்கும்போதுதான் நினைவு வந்தது. அந்த மஞ்சள் வயர் ரோல் தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கடைசித் துண்டை வெட்டியது தையல்காரம்மா வீட்டில்.

அந்த வீட்டைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தான்.

தையல்காரம்மாவின் கணவர் ஒரு பக்கம் வாதம் வந்து படுத்தவர். அவரை உட்கார வைத்து, மனைவிதான் தினமும் குளிப்பாட்டி விடுவாள். அவருடைய வலது பக்கத்துக்குச் சுரணை கிடையாது. வலது கையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் அவருக்குத் தெரியாது. இதை அந்த அம்மாவே சொன்னாள், அவன் வயரை முறுக்கிக்கொண்டிருக்கும்போது. "அதனாலதான் பயமா இருக்குங்க. இதுல ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. நாளைக்குக் காலையில முதல் வேலையா வந்து மாத்திடறேன்."

நாளைக்கு என்பது அவன் வாயில் தானாக வருகிற வார்த்தை. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. சொல்லும்போது போய்விடுவோம் என்றுதான் நினைப்பான். மறுநாள் வேறு நாலு வீடு வரும். மழைக் காலத்தில் ஹீட்டர் மெக்கானிக்குக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பத்துப் பதினைந்து வீடுகளில் டைரக்ட் கொடுத்திருப்பான். நாள் தள்ளியாவது எல்லாவற்றையும் மாற்றிவிட்டான், இந்த ஒன்றைத் தவிர. அந்த அம்மா ஏழு தடவை போன் செய்தாள். ஏழு தடவையும் பெயரைப் பார்த்துவிட்டு, அடித்து ஓயட்டும் என்று விட்டான். பதினோரு நாளாக அவளிடமிருந்து போன் இல்லை. முதலில் அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு கேள்வி முளைத்தது. ஏன் நிறுத்திவிட்டாள்?

போய்ப் பார்த்துவிடலாம். பத்து நிமிஷ வேலை. ஆனால் கதவைத் திறந்து அவள் ஏதாவது சொல்லிவிட்டால்? அந்த எண்ணம் வந்ததும் வண்டி தானாக வேறு தெருவில் திரும்பியது.

மறுநாள் மத்தியானம் ஒரு புது அபார்ட்மென்ட். கல்யாணமாகிப் புதிதாகக் குடிவந்த ஜோடி, புது ஹீட்டர், பிரிக்காத அட்டைப்பெட்டி. பெட்டியின் டேப்பை அவனேதான் வெட்டினான். தெர்மோகோல் கிறீச்சிட்டது, புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. சுவரில் கொக்கி அடித்து, தூக்கி மாட்டி, குழாய் இரண்டையும் இணைத்தான். கரண்ட் கொடுப்பதற்காக மூடியைக் கழற்ற வேண்டும். திருகாணிகளின் தலையில் கம்பெனி போட்ட சிவப்புப் பெயின்ட் பொட்டு உடையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் லேசானது. ஒவ்வொன்றாகத் திருகினான், பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது.

மூடி கையோடு வந்தது.

மஞ்சள் வயர். மூன்று சுற்று. எதிர்ப்பக்கம்.

ஸ்டூலின் மேல் நின்றபடி எவ்வளவு நேரம் பார்த்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையில் அந்தப் பெண் பாத்திரங்களை அலமாரியில் அடுக்கும் சத்தம் கேட்டது. குழாயில் எங்கோ காற்று அடைத்து, விடுபட்டு, மறுபடி அடைத்தது. கையை நீட்டி வயரைத் தொட்டான். சுட்டது. இன்னும் கரண்ட் கொடுக்கவே இல்லை, ஆனாலும் சற்று முன்வரை ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரின் வயர் போலச் சுட்டது.

"என்னண்ணே, பீஸ் சரியில்லையா? மாத்திக் கேக்கணுமா?" அந்தப் பெண் கதவருகே வந்து நின்றாள்.

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

"உங்க முகம் ஏன் இப்படி வேர்த்திருக்கு? ஃபேனைப் போடவா?"

"வேணாம்மா."

வயரை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வழியெல்லாம் அது நெஞ்சில் சூடாக இருந்துகொண்டே வந்தது. ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, சாக்கடையில் வீசினான். அது தண்ணீரில் விழுந்தபோது 'சுய்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் வீட்டு ஹீட்டரைக் கழற்றினான்.

"அதிசயமா இருக்கே!" அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். துணிக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு, அப்போதுதான் வந்திருந்தாள். "ஊர் ஹீட்டரெல்லாம் பார்த்து முடிச்சு இன்னிக்குத்தான் நம்ம ஹீட்டர் உங்க கண்ணுல பட்டுச்சா? ஒரு வருஷமா சொட்டுது."

மூடி வந்தது. உள்ளே தெர்மோஸ்டாட், காயில், கட்-அவுட் எல்லாம் அதனதன் இடத்தில். வயர் இல்லை. அவன் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டான்.

மகள் பின்னால் வந்து நின்றாள். ஏழு வயசு. வீட்டில் பாப்பாதான். "அப்பா, நேத்து நாலு மணிக்கே வரேன்னு சொன்னே. நான் வேன்ல இறங்கி ஒரு மணி நேரம் தனியா உக்காந்திருந்தேன். இன்னிக்கும் வரலை."

"நாளைக்கு வந்துடறேன்டா செல்லம்."

"உன் நாளைக்கு எப்பப்பா வரும்?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பாவின் தலையைத் தடவினான். நாளைக்குத் தையல்காரம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், என்ன ஆனாலும் சரி, அங்கே எதைப் பார்க்க நேர்ந்தாலும் சரி என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். அதை மாற்றிவிட்டால் இதெல்லாம் நின்றுவிடும் என்று தோன்றியது. ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலையில் போயிருக்கலாம். ஒரு வீட்டில் சேஃப்டி வால்வு ஒழுகல், இன்னொரு வீட்டில் தண்ணீரில் அழுகிய முட்டை வாசனை, மூன்றாவது வீட்டில் போட்டதும் ட்ரிப் ஆகிறது. கால் மூன்று முறை பின்வாங்கியதற்கு மூன்று நல்ல காரணம் கிடைத்தது. மழையும் பிடித்துக்கொண்டது. அவன் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது மணி நாலே கால்.

மழையில் தெரு காலியாக இருந்தது. அந்த வீட்டு ஜன்னல் மூடியிருந்தது. எப்போதும் தெருமுனை வரை கேட்கும் தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை. கேட்டைத் திறந்தான். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, வெகுநாள் போடாத செருப்பு, தண்ணீரில் நனைந்து கிடந்தது. திரும்பிப் போய்விடு என்று உள்ளே ஒன்று கெஞ்சியது. அதற்குள் கை கதவைத் தட்டிவிட்டது.

யாரும் வரவில்லை.

மறுபடி தட்டினான்.

உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். தாழ்ப்பாள். கதவு.

தையல்காரம்மா வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், கட்டிலில், தலையணையில் சாய்ந்து அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரியிருந்தது, முகத்தில் பவுடர். வலது கையில் ஒரு காயம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அவனைப் பார்த்து இடது கையைத் தூக்கினார்.

டெஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. நான் அன்னிக்கே வந்திருக்கணும். உங்க போனைப் பார்த்தும் எடுக்கலை..."

அவள் குண்டூசிகளைக் கையில் எடுத்தாள். "அதுக்கு எத்தனை தடவைங்க மன்னிப்பு கேப்பீங்க? அதான் வந்து மாத்திட்டீங்களே. மறுபடி எதுக்கு மழையில வந்தீங்க? ஏதாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?"

"மாத்திட்டேனா?"

"விளையாடறீங்களா? மத்தியானம் வந்தீங்களே. மூணு மணி இருக்கும்."

மூன்று மணிக்கு அவன் முட்டை வாசனை வீட்டில் இருந்தான்.

"வந்தீங்க, நேரா குளியலறைக்குப் போனீங்க, பத்து நிமிஷத்துல முடிச்சிட்டீங்க" என்றாள் அவள். "தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கும்போது உங்க விரல் பட்டுச்சு, அப்பா, என்ன சூடு! காய்ச்சலான்னு கேட்டேன், தண்ணியைக் குடிச்சிட்டு டம்ளரை நீட்டினீங்க. அந்த மஞ்சள் வயரை மட்டும் பத்திரமா எடுத்துப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டீங்க. இது எதுக்குன்னு கேட்டதுக்கு, வீட்டுக்கு வேணும்னீங்க."

"வீட்டுக்கா?"

"ஆமா. நாலு மணிக்கு வீட்ல இருக்கணும், பொண்ணு வந்துடுவான்னு சொல்லிட்டு ஓடினீங்க."

போனை எடுத்தான். விரல் ஈரம், திரை கேட்கவில்லை. சட்டையில் துடைத்தான். வீட்டில் பாப்பாவுக்காக வைத்திருக்கும் பழைய போனுக்கு அடித்தான். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துவிட்டாள்.

"பாப்பா! பாப்பா, நான் அப்பா பேசறேன்..."

பின்னணியில் ஒரு சத்தம். வறுபடும் சத்தம். காயிலில் உப்பு பொரியும் சத்தம்.

"உள்ள இருந்துக்கிட்டு எதுக்குப்பா போன் பண்றே?" என்று சிரித்தாள் பாப்பா.

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

"ஷூவெல்லாம் ஒரே சேறு. கால் கழுவி விடறேன் வான்னு கூப்பிட்டே இல்ல? வரேன், சாக்ஸைக் கழட்டிட்டு வரேன்."

"பாப்பா, உள்ள போகாதே! வெளியில ஓடு! தெருவுக்கு ஓடு!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

வண்டி. மழை. கண்ணில் தண்ணீர், எந்தத் தண்ணீர் என்று தெரியவில்லை. ஒரு பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். மறுபடி போன் அடித்தான், எடுக்கவில்லை. மனைவிக்கு அடித்தான், எடுக்கவில்லை. கடையில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மழைக்கு ஒரு தெரு முழுக்கத் தண்ணீர். வண்டி நின்றது. போட்டுவிட்டு ஓடினான்.

மாடிப்படி. முதல் திருப்பம். இரண்டாவது திருப்பம்.

கதவு திறந்திருந்தது. வீடெல்லாம் ஆவி. சுவரில் தண்ணீர் முத்து முத்தாக வழிந்தது. குளியலறைக் கதவுக்கு முன்னால் பாப்பா, யூனிபார்மோடு, வெறுங்காலில், ஒரு கையில் டவலோடு நின்றுகொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளை ஆவியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சில்லென்று இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. கடவுளே, ஒன்றும் ஆகவில்லை. "வா பாப்பா. வா, போயிடலாம்."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். சேறும் மழையுமாக, மூச்சு இரைக்க, கண் சிவந்து நிற்கிறவனைப் பார்த்தாள். அப்புறம் கதவைப் பார்த்தாள்.

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்து கேட்டது. நிதானமான குரல். அவன் குரல்.

"நான்தான்டா அப்பா" என்றான் டெஸ்டர். குரல் உடைந்தது. "என்னைப் பாரு. என் முகத்தைப் பாரு. நான்தான் உன் அப்பா."

பாப்பாவின் உதடு பிதுங்கியது. "இல்லை. எங்கப்பா நாலு மணிக்கே வந்துட்டாரு. நான் வர்றப்போ வாசல்ல நின்னாரு."

"பாப்பா, அது..."

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டாரு!"

"அவரைத் தொடாதேம்மா" என்றது உள்ளேயிருந்த குரல், அன்பாக. "நீ வா."

பாப்பா அவன் கையைக் கடித்தாள். பிடி தளர்ந்தது. ஒரே ஒரு வினாடி. ஆவிக்குள் அவள் பின்னலின் ரிப்பன் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கதவு மூடியது. உள்தாழ்ப்பாள் விழுந்தது.

தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. உள்ளங்கை வைத்த இடத்தில் பெயின்ட் கொப்புளித்தது. வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தான். ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, வீடு அமைதியானது. உள்ளே பொரியும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது கூடிக்கொண்டே போனது.

"திறடா! திறடா பாவி! என்னை எடுத்துக்கோ! அவளை விட்டுடு!"

பக்கெட்டில் மக் முங்கும் சத்தம்.

ஊற்றும் சத்தம்.

கதவின் அடியில் தண்ணீர் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஆவி பறக்க, குமிழ் வெடிக்க, ஓடு ஓடாக நனைத்துக்கொண்டு வந்து அவன் பாதத்தைத் தொட்டது. தோல் உரிந்தது. அவன் அலறினான். காலை எடுக்காமல் கதவை இடித்துக்கொண்டே அலறினான்.

உள்ளே மறுபடி மக் முங்கியது.

"சூடு போதுமாடா செல்லம்?" என்று அவன் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம்ப்பா" என்றாள் பாப்பா, சிரித்துக்கொண்டே. "குளிருது."